இடம் மாறிய இரண்டு படங்கள்

மிருதுளா அந்தப் புத்தகத்தை எழுதி ஏழு வருடங்கள் ஆகின்றன. அப்போது அவள் மேற்கு தாம்பரத்தில் ஒரு தனியார் பாராமெடிக்கல் நிறுவனத்தில் ரத்தவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். லேப் டெக்னீஷியன் டிப்ளமா படிக்க அங்கே வந்தவர்களில் பாதிக்கு மேல் படப்பை, கேளம்பாக்கம், கோவளம் பக்கத்துப் பிள்ளைகள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆங்கிலப் புத்தகம் தலையணை கனத்தில் இருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் அதைத் தொட்டுக் கும்பிடுவதோடு சரி, யாரும் பிரிப்பதில்லை.

அதனால் மிருதுளா தமிழில் குறிப்புகள் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். ஸ்லைடில் ரத்தத்தை எப்படி இழுப்பது, எப்படிச் சாயம் ஏற்றுவது, ஒவ்வொரு அணுவும் மைக்ரோஸ்கோப்பில் எப்படித் தெரியும் என்று. படங்களையும் அவளே எடுத்தாள். மைக்ரோஸ்கோப்பின் கண்வில்லை மேல் போனை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். உருப்படியாக ஒரு படம் கிடைக்க நாற்பது ஸ்லைடு ஆகும்.

நிறுவனத்தின் தாளாளர் ஷ்யாம்சுந்தர் ஒருநாள் அந்த ஜெராக்ஸ் கட்டைப் பார்த்தார். "இதைப் புக்காவே போட்டுடலாமே மேடம்" என்றார். நான்கு மாதத்தில் கையேடு வந்தது. அட்டையில் அவர் பெயரும், உள்ளே இரண்டாம் பக்கத்தில் 'தொகுப்பு: மிருதுளா' என்று சின்ன எழுத்தும். அவளுக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் கை நின்றது.

அந்தப் பக்கத்தில் எதிரெதிரே இரண்டு படங்கள். ஒன்று வைரஸ் காய்ச்சலில் தலைகாட்டும் வெள்ளையணு. கிருமியோடு மல்லுக்கட்டிப் பருத்து, ஓரம் நெளிந்து, பக்கத்துச் சிவப்பணுக்களை அணைத்தபடி கிடக்கும். ரியாக்டிவ் லிம்போசைட் என்பார்கள். டெங்கு சீசனில் தினமும் பார்ப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று ப்ளாஸ்ட். எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே இருந்து முதிர வேண்டிய குஞ்சு அணு. அது ரத்தத்தில் கூட்டமாக வந்து நின்றால் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எப்படிப் பிரித்தறிவது என்று பக்கம் முழுக்க அவள் எழுதியிருந்தாள். எழுத்து சரியாக இருந்தது. பெயர்களும் சரியாக இருந்தன. படங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன.

அவள் நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள்.

"சார், அறுபத்தொண்ணாம் பக்கத்துல ரெண்டு படமும் மாறிப்போச்சு."

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானே மேடம் இருக்கு?"

"அதான் சார் பிரச்சனையே. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு காய்ச்சல், ஒண்ணு கேன்சர்."

"பைண்டிங்கே முடிஞ்சிடுச்சு. நாளைக்குப் பசங்களுக்குக் குடுக்கணும். ஒரு திருத்தம் சீட்டு அடிச்சு உள்ள வச்சிடலாம். அடுத்த எடிஷன்ல மாத்திக்கலாம். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

சீட்டு வரவில்லை. இரண்டு முறை கேட்டாள். பிரஸ்ஸில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மிருதுளா தன் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரையும் புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, இரண்டு படங்களுக்கும் நடுவே பேனாவால் அம்புக்குறி போடவைத்தாள். பெஞ்ச் பெஞ்சாகப் போய்ப் பார்த்தாள். நிறுவனத்தின் நாவலூர் கிளையில் பாடம் நடத்துகிறவருக்கும் போன் செய்து சொன்னாள். சொல்லிவிடுகிறேன் என்றார் அவர்.

மறு வருடம் அவளுக்கு செம்பாக்கத்தில் ஒரு டயக்னாஸ்டிக் சென்டரில் ரத்தப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. வேலையை விட்ட பிறகு ஒரே ஒரு தடவை ஷ்யாம்சுந்தருக்குப் போன் செய்தாள். "செகண்ட் எடிஷன் வந்தாச்சு மேடம். எல்லாம் கரெக்ட் பண்ணியாச்சு" என்றார். சரி என்று வைத்துவிட்டாள். அவள் போகிற பஸ் தினமும் இரண்டு வேளை அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டித்தான் போனது. ஒருநாள் இறங்கி, ஒரு பிரதியை வாங்கிப் பார்த்திருக்கலாம். இறங்கவில்லை.

ஜீவிதா வேலைக்குச் சேர்ந்தது போன வருடம் ஜூன் மாதம். கோவளத்துப் பெண். அப்பா சவுரிமுத்து கடலுக்குப் போகிறவர், அம்மா செல்வமேரி மீன் விற்கிறவள். இரண்டு பஸ் மாறி, மற்ற எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்பாள். ரத்தம் எடுப்பதில் அவளுக்கு நல்ல கை. நரம்பே தெரியாத கிழவர்கள்கூட, "அந்தக் கோவளத்துப் பொண்ணு இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். மிருதுளாவை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மூன்றே மாதத்தில் ஸ்லைடு பார்க்கவும் அவளை உட்கார வைத்தார்கள்.

நவம்பரில் மழையோடு காய்ச்சலும் வந்தது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது ட்யூப். மிருதுளா நாவலூர் கலெக்ஷன் சென்டரில் புது மெஷினைச் சரிபார்க்கப் போயிருந்த ஒரு நாளில், கீதா என்ற முப்பத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியையின் ரத்தம் வந்தது. நான்கு நாளாகக் காய்ச்சல். பிளேட்லெட் குறைவு. மெஷின் ஏதோ சந்தேகப்பட்டு எச்சரிக்கைக் குறி காட்டியிருந்ததால் ஜீவிதா ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். 'ரியாக்டிவ் லிம்போசைட்டுகள் அதிகம். வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம்' என்று எழுதினாள். கீழே நோய்க்குறியியல் டாக்டர் ஜெயகிருஷ்ணனின் கையெழுத்து கம்ப்யூட்டரிலிருந்து தானாக விழுந்தது. அவர்தான் சென்டரின் முதலாளியும். அன்று அவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. பெரும்பாலான நாட்களில் இருப்பதில்லை.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்ப டாக்டர் டெங்கு என்றார். இளநீர், கஞ்சி, ஓய்வு. பத்து நாள் கழித்து ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தபோதுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சோதித்த அன்றே ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஆரம்பித்த மூன்றாம் நாள் மூளைக்குள் ரத்தம் கசிந்து கீதா இறந்துபோனாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அவளுடைய கணவர் ஏகநாதன் சென்டருக்கு வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். மொட்டையடித்த தலையில் முடி லேசாக அரும்பியிருந்தது. இரண்டு காகிதங்களைக் கவுன்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம் மேடம். பத்து நாள் வித்தியாசம். இதுல இருக்கறது இதுல ஏன் இல்லைன்னு கேட்கத்தான் வந்தேன். சண்டை போட வரலை."

மிருதுளா அவரை உட்காரச் சொன்னாள். உள்ளே போய்ப் பழைய ஸ்லைடு பெட்டியில் அந்த எண்ணைத் தேடி எடுத்தாள். அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. வைத்த இடத்திலேயே ப்ளாஸ்ட்டுகள் கும்பலாக நின்றன.

ஜீவிதாவைக் கூப்பிட்டாள். யாருடைய ஸ்லைடு என்று சொல்லவில்லை. "இது என்னன்னு பாரு."

ஜீவிதா பார்த்தாள். "ரியாக்டிவ் லிம்போசைட் அக்கா. நெறைய கீது."

"எப்படிச் சொல்ற?"

"புக்குல பாத்ததுதான்." அவள் தன் பையிலிருந்து கையேட்டை எடுத்து வந்தாள். நான்காம் பதிப்பு. அட்டை புதிதாக, வழவழப்பாக இருந்தது. பக்க எண்கூட மாறி அறுபத்தெட்டாகியிருந்தது. படங்கள் அப்படியே இடம் மாறித்தான் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் 'தொகுப்பு: மிருதுளா' என்பதும் அப்படியே இருந்தது.

"இதை எழுதினது யாருன்னு தெரியுமா ஜீவிதா?"

"நீங்கதானே அக்கா. பேரு பாத்துட்டுதானே இங்க வேலை கேட்டே வந்தேன்."

மிருதுளா வெளியே போய் ஏகநாதனிடம், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றாள். அவர் இரண்டு காகிதங்களையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஜெயகிருஷ்ணன் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஸ்லைடைத் தவறாகப் படித்தது டெக்னீஷியனின் கவனக்குறைவு, அவரை உடனே வேலையிலிருந்து நீக்குகிறோம் என்று ஒரு காகிதம் தயாராக இருந்தது. ரத்தப் பிரிவின் பொறுப்பாளர் என்ற இடத்தில் மிருதுளா கையெழுத்துப் போட வேண்டும்.

"சார், அந்தப் பொண்ணு படிச்ச புத்தகத்துலயே தப்பு இருக்கு. படம் மாறியிருக்கு."

"யார் எழுதின புக்?"

"நான்தான்."

ஜெயகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப அதை வெளியில சொல்லணும்ங்கறீங்களா?"

"ரிப்போர்ட்ல இருக்கறது உங்க கையெழுத்து சார். நீங்களும் அந்த ஸ்லைடைப் பார்க்கலையே."

"ஆமா, பார்க்கலை. ஒரு நாளைக்கு எத்தனை ரிப்போர்ட் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். இதுல என் பேர் வந்தா சென்டரை மூட வேண்டியதுதான். இருபத்தாறு பேர் வேலை பார்க்கறாங்க. உங்க பேர் வந்தா உங்களுக்கு இந்த லைன்லயே வேலை இல்லை. அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கயாவது சேர்ந்துக்கும். யோசிச்சுக்குங்க."

மிருதுளா யோசித்தாள். ரொம்ப நேரமெல்லாம் இல்லை. கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைக்கும்போதே, தான் செய்தது இன்னதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிற்பாடு அதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஜீவிதா கடிதத்தை வாங்கிப் படித்தாள். கீழே மிருதுளாவின் கையெழுத்தைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்றாள். அந்த ஆறு மாதத்தில் அவள் மேடம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரக் கடைசியில் மிருதுளா தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஷ்யாம்சுந்தரின் அறை மாடிக்கு மாறியிருந்தது, ஏசி போட்டிருந்தார்கள். அவர் காப்பி வரவழைத்தார். புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றார். "ஆனா இப்ப இதுல கை வைக்க முடியாது. நம்ம எக்ஸாமுக்கு கொஸ்டின் பேங்க் இந்தப் புக்கை வச்சுதான் பண்ணியிருக்கோம். படத்தைப் பார்த்து அணுவோட பேரை எழுதணும். ஆன்சர் கீயும் புக்குப்படிதான். இத்தனை பேட்ச் எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்ப மாத்தினா, இதுவரைக்கும் மார்க் வாங்கினவங்க எல்லாம் தப்பா வாங்கினாங்கன்னு ஆகும்."

"தப்பாத்தான் சார் வாங்கியிருக்காங்க."

"அப்படிப் பேசினா எப்படி மேடம்?"

"சரியா எழுதினவங்க யாருமே இல்லையா?"

"வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் எழுதுவாங்க. மார்க் போயிடும். அப்புறம் அவங்களே புரிஞ்சுக்குவாங்க." காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்களுக்கு சங்கடமா இருந்தா அடுத்த எடிஷன்ல உங்க பேரை எடுத்துடறேன்."

அவள் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போனாள். மாதா கோயில் பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். விசாரித்துக்கொண்டு போனபோது, படகுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜீவிதாவின் அம்மா செல்வமேரி பிளாஸ்டிக் கூடையில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மிருதுளா தன் பெயரைச் சொன்னாள். செல்வமேரி நிமிரவில்லை.

"நீங்கதானா அது. வூட்லதான் கீது, போய்ப் பாருங்க. சாப்புடாம கொள்ளாம படுத்துகினு கீது. எம்பொண்ணு ஒரு பொம்பளைய சாவடிச்சிட்டான்னு ஊரே பேசுது. அந்தப் புக்கு வாங்க நான் எத்தினி நாளு கூடை தூக்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. போங்க."

ஜீவிதா வாசலில் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தான் உட்காரவில்லை, நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

"உன்மேல தப்பு இல்லை ஜீவிதா. புத்தகத்துல படம் மாறியிருக்கு. எனக்கு அது முதல் நாளே தெரியும். நான் விட்டுட்டேன்."

ஜீவிதா சொன்னாள்: "எனக்கும் தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"ரெண்டாவது வருஷம் ஆஸ்பத்திரி போஸ்டிங் போட்டாங்க. அங்க ஒரு கேன்சர் பேஷன்ட்டோட ஸ்லைடு காமிச்சாங்க. புக்குல காய்ச்சல்னு போட்டிருந்த படம் மாதிரியே இருந்துச்சு. நீங்க எழுதினதையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். எழுத்து ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. கிளாஸ்ல சார்கிட்ட கேட்டேன். புக்குல இருக்கறதை எழுதுன்னாரு. நான் எழுதலை. பரீட்சைல அந்தப் படம் வந்துச்சு, ப்ளாஸ்ட்டுன்னு எழுதினேன். ரெண்டு மார்க்குல பேப்பர் போச்சு."

"அப்புறம்?" என்றாள் மிருதுளா.

"ஆறு மாசம் வூட்ல உக்காந்துகினு இருந்தேன். அம்மாகூட மீனு விக்கப் போனேன். அடுத்த தபா அவங்க சொன்ன மாதிரியே எழுதினேன், பாஸ் பண்ணிட்டேன். மறந்துடக் கூடாதுன்னு தெனம் காலைல அந்தப் படத்தைப் பாத்து பாத்து மனசுல ஏத்திக்கினேன். அப்புறம் கண்ணு அப்பிடியே பழகிப்போச்சு. அந்தம்மா ஸ்லைடைப் பாத்தப்ப எனக்கு டவுட்டே வரலை மேடம்." அவள் குரல் உயரவில்லை. "அப்ப மொத தபா நான் எழுதினது கரெக்ட்டுதானே?"

"கரெக்ட்தான்."

"அதை யாராவது எழுதிக் குடுப்பாங்களா?"

"நான் எழுதித் தரேன்."

"அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்ட மாதிரியா?"

மிருதுளா எழுந்தாள். பஸ் ஸ்டாப்புக்குத் தனியாக நடந்து வந்தாள்.

ஆனால் எழுதினாள். மூன்று பக்கம். படங்கள் மாறியது, முதல் நாளே தனக்குத் தெரிந்திருந்தது, திருத்தம் வராதது, சரியாக எழுதிய ஒரு மாணவியைத் தோல்வியடைய வைத்தது, டாக்டர் பார்க்காமலே கையெழுத்து விழுவது, பணிநீக்கக் காகிதத்தில் தான் பொய்யாகக் கையெழுத்துப் போட்டது, எல்லாவற்றையும் எழுதி ஜெயகிருஷ்ணனுக்கும் ஷ்யாம்சுந்தருக்கும் சுகாதாரத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒரு பிரதியை ஜீவிதாவுக்கு அனுப்பினாள். இன்னொன்றை ஏகநாதனின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே படித்தார். படித்து முடித்து, முதல் பக்கத்தை மறுபடி படித்தார்.

"இதுவரைக்கும் அந்தப் பொண்ணு மேல மட்டும்தான் மேடம் எனக்குக் கோபம் இருந்துச்சு" என்றார். "அது ஒரு மாதிரி தாங்கிக்கற அளவுல இருந்துச்சு. இப்ப நீங்க இத்தனை பேரைச் சொல்றீங்க. ஒருத்தர்கூட கெட்ட எண்ணத்துல எதுவும் செய்யலைன்னு வேற தெரியுது. நான் என்ன செய்யறது?"

வழக்குப் போட்டார். மிருதுளாவின் கடிதத்தை ஆதாரமாக வைத்தார். அதில் ஜெயகிருஷ்ணன், ஜீவிதா, மிருதுளா, ஷ்யாம்சுந்தர் நால்வரும் எதிர்தரப்பு. கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே மிருதுளாவுக்கு வேலை போயிற்று. பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் நான்கு லேபில் கேட்டாள். பெயரைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இப்போது வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறாள்.

ஏப்ரலில் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தது. இந்தத் தடவை அவள் இறங்கிப் போய் வாங்கினாள். அவள் பெயர் இல்லை. அந்தப் பக்கமே இல்லை. இரண்டு படங்களையும், எப்படிப் பிரித்தறிவது என்று அவள் எழுதியதையும் சேர்த்து எடுத்துவிட்டு, 'அரிதான அணுக்கள் இத்தேர்வுக்கு உரியவை அல்ல' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள்.

ஜூன் மாதம் செங்கல்பட்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜெயகிருஷ்ணனுக்கும் ஷ்யாம்சுந்தருக்கும் வக்கீல்கள் வந்திருந்தார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் ஜீவிதா உட்கார்ந்திருந்தாள். மிருதுளா போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜீவிதா எழுந்து போகவில்லை, கைப்பையை மட்டும் எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"வேலை கிடைச்சுதா?"

"வூடு வூடா போய் ரத்தம் எடுக்கறேன் மேடம். கேளம்பாக்கம், நாவலூர் பக்கம். வண்டி குடுத்துகீறாங்க."

"ஸ்லைடு?"

"அதெல்லாம் இல்ல. ட்யூபைப் பொட்டில வச்சு அனுப்பிடுவேன். யாரு பாக்கறாங்களோ."

புதுப் பதிப்பில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்று மிருதுளா சொன்னாள். ஜீவிதா அதைக் கேட்டுக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"நல்லதுதான்" என்றாள். "இனிமே யாரும் ஃபெயில் ஆக மாட்டாங்க."

பதினோரு மணிக்கு, வழக்கு ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிருப்பதாக வந்து சொன்னார்கள். ஏகநாதன் எதிர்ப்பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். வக்கீல்கள் இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போனார்கள். ஜீவிதாவுக்கு மதியம் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து போகலாமா என்று மிருதுளா கேட்டாள். வண்டியில் வந்திருக்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டு, ஜீவிதா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.